ஏழாவது சேனல்

செந்தூல் பசாரில் கடைவரிசைக்கு மேலே, இரண்டாவது மாடி.
மரண சகாய நிதிச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம்.
எனக்கு முந்நூற்றைம்பது வெள்ளி,
இரண்டு கறிபாப், ஒரு டீ.

பன்னிரண்டு சேனல் மேசை, என் சொந்தம்.
மூன்றாவதின் குமிழ் உடைந்துபோய்
நகப்பூச்சுப் புட்டியின் மூடியை மாட்டியிருக்கிறேன்,
சரியாகத்தான் திரும்புகிறது.
குறுக்கே வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரில்:
ஒன்று தலைவர். இரண்டு செயலாளர். மூன்று பொருளாளர்.
நான்கு சிறப்பு விருந்தினர், வரவில்லை.
ஏழு, உறுப்பினர்.
நானூற்று முப்பது பேருக்கும் சேர்த்து
நடைவழியில் ஒரு ஸ்டாண்ட், ஒரு மைக்.

மேலே இருக்கும் குமிழ்,
குரல் எவ்வளவு உள்ளே வரலாம் என்பது.
கீழே இருக்கும் ஃபேடர்,
எவ்வளவு வெளியே போகலாம் என்பது.
நடுவில் விளக்குகள்.
பச்சை என்றால் ஆள் இருக்கிறார்.
மஞ்சள் என்றால் மனசோடு பேசுகிறார்.
சிவப்பு என்றால் குரல் கூரையில் முட்டி நசுங்குகிறது.

தலைவர் அமிர்தராஜுவுக்கு "பெரியோர்களே" என்னும்போதே சிவப்பு.
மைக்கைக் கடித்துக்கொண்டு பேசுகிறவர்.
அவர் குமிழை இரண்டு கோடு குறைத்தேன்.
இந்த வருஷம் தலைவர் நல்லா பேசினார் என்று
டீ வரிசையில் ஒருவர் சொன்னார்.

பிறகு தவமணி எழுந்து வந்தார்.
எல்ஆர்டி ஸ்டேஷன் துப்புரவுச் சட்டை,
கையில் ரப்பர் பேண்டு போட்ட ரசீதுக் கட்டு.
சன்னமான குரல்.
குமிழைத் திருப்பத் திருப்ப
மின்விசிறி வந்தது, கீழ்க்கடை ஷட்டர் வந்தது,
கடைசியாக அவர் வந்தார்:
"மாசம் பத்து வெள்ளி, இருபத்திரண்டு வருஷம்.
வீட்டுக்காரர் போய்ப் பதினோரு மாசமாச்சு.
ஐயாயிரம் எங்கேன்னு..."

செயலாளர் வீரபத்திரன் என் பக்கம் குனிந்தார்.
"அந்த ஏழைக் கொஞ்சம் இறக்கு, தங்கச்சி."
எண்ணைத்தான் சொன்னார்.
தான் சொன்னது அவர் காதிலேயே விழவில்லை.

இறக்கினேன்.
தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் இவர்களுடைய மேடைதான் எனக்கு,
வேனுக்கு இன்னும் ஒன்பது தவணை பாக்கி.
வேறு காரணம் இருந்ததாக இப்போது சொல்ல மாட்டேன்.

மண்டபத்தில் அவர் வாய் மட்டும் அசைந்தது.
மேசையில் ஏழாவது விளக்கு அணையவில்லை.
ஃபேடரைத் தொடும் முன்பே குரலை அளந்துவிடும் விளக்கு அது,
நான் அடியில் என்ன செய்தாலும் அதற்குத் தெரியாது.
பச்சை, பச்சை, ஒரு மஞ்சள், பச்சை.
ஹெட்போனை மாட்டி அந்தப் பொத்தானை அழுத்தினேன்.
இருநூறு நாற்காலி போட்ட இடத்தில்
அவர் பேச்சைக் கேட்டது ஒரே ஆள்,
அடைத்தவள்.

மைக்கை ஒருமுறை தட்டினார்,
என் காதில் மட்டும் இடி.
மேடையைப் பார்க்கவில்லை. திரும்பி
என் விரலைப் பார்த்தார்.

அப்புறம் ஸ்டாண்டை விட்டுவிட்டு நடந்து,
தலைமை மேசையில் ரசீதுகளை வைத்து,
நின்ற இடத்திலேயே பேசத் தொடங்கினார்.
தலைவர் வாய் மூடியிருந்தது.
ஒன்றாவது விளக்கு எரிந்தது.

நானும் புரிந்துகொள்ள ஒரு கணம் ஆயிற்று.
தலைவரின் மைக் திறந்தே இருக்கிறது.
திறந்த மைக்குக்கு யார் தலைவர் என்று தெரியாது.

செயலாளர் கையைக் கீழே, கீழே என்று அசைத்தார்.
ஏழைத் தொட்டுக் காட்டினேன்,
அடியில்தானே இருக்கிறது.
அவர் விரல் ஒன்றைக் காட்டியது.
தலைவரையா? என்று உதட்டசைவில் கேட்டேன்.
விரல் மடங்கிக்கொண்டது.

குறைத்திருந்த இரண்டு கோட்டையும் திருப்பிக் கொடுத்தேன்.
ஜன்னலுக்கு வெளியே ரயில் போனது,
அதுவும் கொஞ்சம் உள்ளே வந்தது, வரட்டும்.
மஞ்சளைத் தொட்டுத் தொட்டு இறங்கியது விளக்கு.
சிவப்பு ஒருமுறைகூட இல்லை.
ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு
முதல் ரசீதிலிருந்து படிக்கிறார்:
மார்ச், பத்து வெள்ளி.
ஏப்ரல், பத்து வெள்ளி.
மே, பத்து.
ஜூன்,